ஆரோ ஒட்டிய லென்ஸ்

ஒரு கேமரா லென்ஸ் வாங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. ஐப்பசியில் ஆரம்பித்து மாசியில்தான் வாங்கினேன். மனை வாங்கி வீடு கட்டுகிறவன்கூட இத்தனை நாள் யோசிக்க மாட்டான். கோயமுத்தூர்க் கடைக்காரர் கடைசியில் என் தலையைக் கண்டதுமே போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போக ஆரம்பித்துவிட்டார். அந்தப் போனில் எதிர்ப்பக்கம் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். போகட்டும், நான் அப்படித்தான்.

என் பிழைப்பு அப்படி. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு நான் பொறுப்பு. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விளக்குக்கு அடியில் விரித்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குற்றம் இருக்கும் இடத்தில் சுண்டுவிரல் நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். நாங்கள் ஆரோ என்போம். ஆரோ ஒட்டிய பீஸ் மெண்டிங்குக்குப் போய், சரிசெய்யப்பட்டு, திரும்ப எங்கள் மேசைக்கே வரும். ஒட்டியவரே பார்த்துத் திருப்தியானால்தான் ஆரோவை எடுக்கலாம். வேறு ஒருத்தர் தொடக்கூடாது. இது நான் போட்ட சட்டம். இந்தச் சட்டத்துக்காக மேனேஜரிடமே சண்டை போட்டிருக்கிறேன். சீப்பு இல்லாமல் வெளியே போயிருக்கிறேன், சட்டைப்பையில் ஆரோத் தாள் இல்லாமல் போனதில்லை.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது. வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டு மாடியில் ஒற்றை அறை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் தொழில்மேல்தான் பழி போடுவேன். முதல் சாம்பிளை ஓகே பண்ணக்கூடாது என்பது எங்கள் லைனில் வேதவாக்கு. எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும் ‘காலர் கால் இஞ்ச் இறக்கம்’ என்று ஏதாவது எழுதித் திருப்பி அனுப்பினால்தான் நாம் பார்த்தோம் என்று அர்த்தம். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே செய்தேன். ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள், ஒரு பெண் சிரிக்கவே இல்லை. நான்காவது சாம்பிளுக்கு மேல் யாரும் எனக்கு அனுப்பவில்லை. அப்பா, அம்மா போன பிறகு கேட்கவும் ஆளில்லை.

திங்கள் முதல் சனி வரை வாய் ஓயாமல் பேசுவேன், அதாவது திட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக் கடையில் “மூணு இட்லி, ஒரு வடை” என்று சொன்னால் அன்றைய பேச்சு முடிந்தது. திங்கள்கிழமை காலையில் முதல் ஆளைத் திட்டும்போது தொண்டை கரகரக்கும். சளி என்று நினைத்து இரண்டு வருடம் கஷாயம் குடித்திருக்கிறேன். பேசாமல் கிடந்த தொண்டை என்று பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு எனக்கு என்மேலேயே பரிதாபம் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல யார் இருந்தார்கள்?

கம்பெனியில் சாம்பிள் படமெடுக்க வைத்திருந்த, லென்ஸ் கழற்றி மாட்டும் மிரர்லெஸ் கேமராவை மாற்றியபோது பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூட வந்தது குட்டி லென்ஸ். மேசையில் விரித்த சட்டையை எடுக்க அது போதும். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிறு காலை நஞ்சராயன் குளத்துக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் பறவை பார்க்க வந்திருந்தார்கள். ஆளுக்கொரு லென்ஸ், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஒருத்தர் எடுத்ததை ஒருத்தருக்குத் திரையில் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அந்தப் பேச்சுத்தான் பிடித்தது. பறவை அப்புறம்.

என் படத்தில் குளம் வந்தது, வானம் வந்தது, எதிர்க்கரைப் பனைமரம் வந்தது. மஞ்சள் மூக்கு நாரை மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியாக இருந்தது. பீஸில் இருந்தால் பஞ்சுத் துணுக்கு என்று ஊதித் தள்ளியிருப்பேன்.

“ஏனுங்க, இதுல நாரை எங்கீங்க?” என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் அவரை அம்மணி என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் மேடம் என்றேன், கடைசி வரை அப்படியே ஆகிவிட்டது.

“அந்த வெள்ளையா தெரியுதே, அதுதான் மேடம்.”

“அட, நான் லென்ஸ்ல தூசின்னு நெனச்சேனுங்க” என்று சிரித்துவிட்டு, தன் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். “இதுல பாருங்க.”

பார்த்தேன். நாரையின் கண் தெரிந்தது. அது என்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றியது. அவர் லென்ஸ் மற்றவர்களுடையது போல நீளமில்லை. நூல் சுற்றி வரும் கோனைவிடச் சின்னது, டிபன் பையில் போட்டால் போய்விடும். முந்நூறு மில்லிமீட்டர் வரை இழுக்கும் என்றார். அவர் காங்கேயம் பக்கம் பிறந்தவர். கணவரோடு சேர்ந்து இருபது தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் நடத்தியவர். கணவர் போன பிறகு யூனிட்டை வாடகைக்கு விட்டுவிட்டார். ஒரே மகள் பெங்களூரில். அந்தக் கேமரா மகள் வாங்கிக் கொடுத்தது. இத்தனையும் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் என்னைப் பற்றிச் சொன்னது செக்கிங் பகுதியைப் பற்றி மட்டும். ஆரோ சட்டத்தையும் சொன்னேன்.

“எங்க யூனிட்டுக்கு பீஸ் திரும்பி வந்தா, ஆரோவப் பிச்சுப் போட்டுட்டு அப்படியே திருப்பி அனுப்பீருவோமுங்க” என்றார்.

“உங்கள மாதிரி ஆளுங்கனாலதான் மேடம் எனக்குக் கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு” என்றேன் நிஜமான கோபத்தோடு. அவர் சிரித்த சிரிப்பில் கரையோரம் மேய்ந்த நாமக்கோழிகள் தண்ணீருக்குள் ஓடின. என் கோபத்துக்கு ஒரு ஆள் பயப்படாமல் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். மற்றவர்கள் குளத்தைச் சுற்றி நடப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் மதகுப் பக்கம் நின்றுவிடுவோம், என் கழுத்துக்காகவும் அவர் முழங்காலுக்காகவும். அவர் இரண்டு படம் எடுப்பார், கேமராவை என்னிடம் தருவார், நான் இரண்டு எடுப்பேன். கூழைக்கடா, மீன்கொத்தி, நீலத் தாழைக்கோழி என்று அவர் சொல்லச் சொல்லப் பெயர் பிடிபட்டது. “நீங்களும் ஒண்ணு வாங்குங்க. டிசம்பர்ல வரித்தலை வாத்து வருமுங்க. வாங்கீட்டா அமராவதி டேமுக்கு ஒருநாள் போய்ட்டு வரலாம்” என்றார்.

நானும் ஆரம்பித்தேன். அங்கேதான் வந்தது வினை.

நானூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றேகால் கிலோ. கழுத்தில் பாரம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அது தள்ளுபடி. இருநூற்றுப் பத்து வரை போகும் சின்னது ஒன்று இருந்தது. எடை இல்லை, ஆனால் நாரையின் கண் தெரியாது. நடுவில் முந்நூறு. அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இதுதான் சரி என்று புத்தியுள்ளவன் அன்றைக்கே வாங்கியிருப்பான். நான் கம்பெனி ஸ்டோரில் பட்டன் எடைபோடும் தராசில் ஒரு பாட்டிலை வைத்து, லென்ஸும் கேமராவும் சேர்ந்த எடைக்குத் தண்ணீர் பிடித்து, நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் செக்கிங்கில் நடந்தேன். “சார எல்.கே.ஜி.யில சேத்துட்டாங்க போல” என்று பீஸ் பார்க்கும் பிள்ளைகள் கமுக்கமாகச் சிரித்தார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்கு அவர்கள் மேசையில் கூடுதலாக ஒரு கட்டு பீஸ் வைத்தேன்.

பாட்டில் பாஸாகிவிட்டது. பிறகு கோயமுத்தூர்க் கடைக்குப் போனேன். லென்ஸ் நன்றாகத் தெரிகிறதா என்று பார்க்க எல்லோரும் கடை வாசலில் நின்று எதிர்க் கட்டிடத்தை எடுப்பார்களாம். நான் கையோடு அரை மீட்டர் பனியன் துணி கொண்டு போயிருந்தேன். சுவரில் டேப் போட்டு ஒட்டிப் படமெடுத்தேன். பனியன் துணியில் வரிசை வரிசையாக நூல் கண்ணி இருக்கும். நடுவில் தெரிகிற கண்ணி ஓரத்திலும் தெரிந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ். என் கணக்கு அது. படத்தைப் பெரிதாக்கினால் துணி முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக அலையலையாகக் கோடு.

“ஷேடு மாறுது. டேமேஜ்” என்றேன்.

“சார், அது லென்ஸ் குத்தம் இல்ல. இவ்வளவு பொடிக் கண்ணியா இருக்கற துணிய எடுத்தா கேமராவுக்குள்ள இருக்கற கட்டமும் துணிக் கண்ணியும் மோதி அப்படித்தான் வரும். எந்த லென்ஸ் போட்டாலும் வரும் சார்.”

“வேற பீஸ் எடுங்க.”

வேறு எடுத்தார், அதிலும் வந்தது. மூன்றாவதிலும் வந்தது. “மூணுமே ரிஜெக்ட்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். “பனியன் துணிய போட்டோ பிடிக்கவா சார் இந்த லென்ஸ் வாங்கறீங்க?” என்று அவர் வாசல் வரை வந்து கேட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. அவர் ஏன் ஒளிந்தார் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் மதகடியில் முதல் கேள்வி, “வாங்கீட்டீங்ளா?” என்பதுதான். “இல்ல மேடம், போன வாரம் பார்த்ததுல ஜூம் வளையம் கொஞ்சம் இறுக்கம்.” “இல்ல மேடம், மூடி சரியா உக்காரல.” அவர் தலையில் அடித்துக்கொண்டு தன் கேமராவை நீட்டுவார். டிசம்பரில் வரித்தலை வாத்து வந்தது. அவர் லென்ஸில்தான் பார்த்தேன்.

தை மாதம் ஒரு ஞாயிறு. பனி விலகாததால் எதிர்க்கரை தெரியவில்லை. அன்றைக்கு அவர் கேமராவைக் கழுத்தில் மாட்டியிருக்கவில்லை. பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியின் வெட்டுத் துண்டில் அவரே தைத்த ஒரு சின்னப் பைக்குள் லென்ஸ் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எம்புள்ள பெங்களூருக்கே வந்துருங்கறாளுங்க” என்றார். “ஊட்டப் பூட்டீட்டு வா, அங்க என்ன இருக்குதுங்கறா.”

“ம்.”

“ஞாயித்துக்கெழம இருக்குதுன்னு சொல்லீருக்கறேனுங்க.”

நான் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, நீங்க எதுக்குங்க கடை கடையா அலையோணும்? உங்க கேமராவும் எங்க கேமராவும் ஒரே கம்பெனிதான, இது உங்களதுலயும் மாட்டுமுங்க. ஒரு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும், ஒரு வாரம் எங்கிட்ட. ஞாயித்துக்கெழமயானா கை மாத்திக்கலாம். ரெண்டு பேருக்கும் இதொண்ணு போதாதுங்ளா?”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து லென்ஸை எடுத்து என் கையில் வைத்தார்.

இப்போது எழுதும்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. ஒரு மனுஷி கைநீட்டிக் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டு “போதும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆகிப்போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? லென்ஸைப் பனி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மூடியைக் கழற்றினேன், திருப்பினேன், ஆட்டினேன். கையில் எது கிடைத்தாலும் என் கண் முதலில் குற்றத்துக்குப் போகும், முப்பது வருடப் பழக்கம். முன் வளையத்தில் ஒரு கீறல். உள்கண்ணாடியில் இரண்டு தூசி. லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்தால் குழல் தானாக நழுவி இறங்கியது. மூன்று டேமேஜ். சட்டைப்பையில் கைவிட்டு ஆரோத் தாளை எடுத்தேன். கீறலுக்கு ஒன்று, தூசிக்கு ஒன்று, நழுவும் குழலுக்கு ஒன்று. வரிசையாக ஒட்டி அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

“மூணு இருக்கு மேடம். தூசியக்கூட க்ளீன் பண்ணிரலாம். ஜூம் லூஸா இருக்கே, அது தேய்மானம். இத நம்பி அமராவதி வரைக்கும் போக முடியாது. நான் புதுசே பாத்துக்கறேன்.”

அவர் அந்த மூன்று ஆரோவையும் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். “சரீங்க” என்றார். லென்ஸைப் பைக்குள் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுத்து, இரண்டு முடிச்சு போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஸ்கூட்டரில் போய்விட்டார். பனி அதிகம் என்று போகிறார் என நினைத்தேன். வேலை சுத்தமாகச் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து தூங்கினேன். கழுதைக்கு என்ன தெரியும் கற்பூர வாசனை!

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் நம்பர் இருந்தது, என்ன சொல்லிக் கூப்பிடுவது? ‘வாங்கீட்டீங்ளா’ என்று அவர்தான் கேட்பார், நான் பதில் சொல்வேன், அதுதானே எங்கள் பழக்கம். மதகடியில் தனியாக நின்றேன். குட்டி லென்ஸில் குளம் எப்போதும் போல வந்தது. திங்கள்கிழமை தொண்டை மறுபடியும் கரகரத்தது. நான் லென்ஸ் வாங்காததால்தான் அவர் வரவில்லை, வாங்கிவிட்டால் வந்துவிடுவார் என்று எனக்குள் ஏதோ ஒரு குருட்டுக் கணக்கு. அந்த வாரமே கோயமுத்தூர் போய், துணி ஒட்டாமல், ஆட்டிப் பார்க்காமல், முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் பில் போடும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீறல் இல்லாத லென்ஸ், தூசி இல்லாத லென்ஸ். மாசி மாதத்து முதல் ஞாயிறு அதை மாட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். ஷிப்மெண்ட் இருந்ததால் அன்று கம்பெனி ஓடியது, பத்து மணிக்குள் போயாக வேண்டும். வரித்தலை வாத்துகள் பாதிக்கு மேல் கிளம்பிப் போயிருந்தன. மதகடியில் யாருமில்லை. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கரை வளைவில் லென்ஸை ஓட்டினேன். கரை வளைந்து திரும்பும் இடத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஒரு கல்மேல் அவர் உட்கார்ந்திருந்தார்.

முழுவதும் இழுத்தேன். முந்நூறு. அவர் தன் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு லென்ஸில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டிய இடத்திலேயே இரண்டு ஆரோ. மூன்றாவது அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பீஸ் திரும்பி வந்தால் பிச்சுப் போட்டுவிடுவோம் என்று சொன்ன பெண், மூன்று வாரமாக அதைப் பிய்க்காமல் வைத்திருக்கிறார்.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அன்றைக்குப் பனியில் அவர் லென்ஸைப் பற்றிப் பேசவே இல்லை. “மேடம்!” என்று கத்தினேன். அவர் முகம் கைக்கெட்டும் தூரத்தில் லென்ஸில் தெரிகிறது, சத்தம் பாதித் தண்ணீர்கூடப் போகவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டு கரையைச் சுற்றி நடந்தேன், கடைசியில் ஓடினேன்.

மூச்சு வாங்க வந்து நின்றவனைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தார்.

“வாங்கீட்டீங்ளா?” என்றார்.

“வாங்கிட்டேன் மேடம்.”

“நல்லா இருக்குதுங்க. ஒரு கீறலில்ல.” தன் லென்ஸை என் பக்கம் திருப்பினார். “நீங்க வந்தா நல்லதுன்னுதான் வந்தேனுங்க. இன்னைக்கு மத்தியானம் வண்டிக்குப் பெங்களூர் போறேன். ஊட்ட வாடகைக்கு விட்டாச்சு. ஒட்டுனவங்கதான் எடுக்கோணும்னு சொன்னீங்களே, எடுத்துருங்க.”

எடுத்தேன். நகத்தால் கிள்ளி, ஒன்று, இரண்டு, மூன்று. சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. போகாதீங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும், எனக்குப் புத்தி இல்லை, என்னை மன்னிச்சுக்கங்க. இத்தனையும் உள்ளே வரிசையில் நிற்க, வாயில் வந்தது வேறு.

“அந்தத் தூசி போட்டோல தெரியாது மேடம்.”

“அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க” என்றார்.

என் விரல் நுனியில் ஒட்டியிருந்த மூன்றையும் அவரே வாங்கிக்கொண்டார். ரிப் துணிப் பையில் லென்ஸைப் போட்டுக் கட்டினார். அமராவதிக்கு எப்போது போகலாம் என்று கேட்டிருக்கலாம். அதையும் நான் கேட்கவில்லை. ஸ்கூட்டர் வரைக்கும் பின்னாலேயே போனேன். வண்டியில் உட்காரும் முன் என் பின்பக்கம் வந்து, கழுத்துக்குக் கீழே முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். “கழுத்தப் பாத்துக்கங்க.” ஒரு மனிதர் என்னைத் தொட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். நான் யோசித்து முடிக்கும்போது ஸ்கூட்டர் ரோட்டுக்குப் போய்விட்டது.

கம்பெனிக்குப் போனேன். அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. அதுவே பிள்ளைகளுக்குப் பயமாக இருந்திருக்கும், யாரும் கிட்டே வரவில்லை. மூன்று மணி டீ நேரத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து செக்கிங் பார்க்கும் ஒரு பெண் பின்னாலிருந்து கிளுக்கென்று சிரித்தாள்.

“சார், ஒங்க பேக் நெக்ல ஆரோ ஒட்டியிருக்கு. காலையில இருந்து பாக்கோம், சொல்லப் பயம்.”

“என்னது?”

“ஆமா சார், ஒரே ஒரு ஆரோ. என்ன டேமேஜ் சார்?” என்று கேட்டுக்கொண்டே எடுக்கக் கையை நீட்டினாள்.

“தொடாதே!”

நான் போட்ட சத்தத்தில் மேசை மேசையாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கை அப்படியே நின்றது. பிறகு அவளே, என் சட்டத்தை என்னிடமே ஒப்பிப்பது போல, “ஒட்டுனவங்கதான் எடுக்கணும்” என்றாள். “யாரு சார் ஒட்டுனது?”

டீ டம்ளரை வைத்துவிட்டு, துணி ரோல்கள் அடுக்கிய மூலைக்குப் போய் நின்றேன். வண்டி இந்நேரம் சேலம் தாண்டியிருக்கும். போனை எடுத்து எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் ஒரே ஒரு வரி போனது: “மேடம், முதுகுல ஆரோ இருக்கு. எப்ப வந்து எடுப்பீங்க?”

உடனே பதில் வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“மெண்டிங் ஆயிருச்சுங்ளா?”

அதைப் பத்துத் தடவை படித்திருப்பேன். ஆச்சு என்று அடித்தேன். அடித்துவிட்டு அனுப்பாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். முப்பது வருடத்தில் மெண்டிங் ஆகாத பீஸை ஆச்சு என்று நான் ஒரு தடவைகூட அனுப்பியதில்லை. அந்த ஒரு வார்த்தையை அழித்தேன்.

அந்தச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பக்கத்து ஆணியில் புது லென்ஸ் இருக்கிறது, ஒரு கீறலில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக்குப் போகிறேன். அவருக்கு எழுத வேண்டிய பதிலை இன்னும் எழுதவில்லை.